சாகாமை வேட்கையும் மூன்று மிகுபுனைவுத் தொடர்களும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

நடவாத ஒன்றை நடந்ததுபோல் கூறுவது இலக்கியத்தின் பழைய தொழில்களுள் ஒன்று. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பகுக்கும்போது பொய்ம்மொழிக்கும் அவற்றுள் ஓரிடம் தருகிறது. எனினும், ஆங்கிலத்தில் ஃபேண்டசி என வழங்கும் மிகுபுனைவு வகையைத் தமிழ் ஆய்வுலகம் பெரும்பாலும் சிறுவர் இலக்கியம் என்ற எல்லைக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. மந்திரமும் பறவைநாகமும் வரும் கதை உலகியலிலிருந்து தப்பி ஓடும் கதை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை, உலகெங்கும் விரும்பிப் படிக்கப்படும் மூன்று தொடர்களை ஒரே வினாவின் வழி ஒப்பிட்டுக் காண இக்கட்டுரை முயல்கிறது.

ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954-1955), அர்சுலா கே. லெ குவினின் ‘எர்த்சீ’ நூல்கள் (1968-2001), ஜே. கே. ரௌலிங்கின் ‘ஹாரி பாட்டர்’ நூல்கள் (1997-2007) ஆகியவை. இம்மூன்றிலும் சாவைத் தவிர்க்கும் முயற்சி தீமையோடு பிணைத்துக் காட்டப்படுகிறது. ஆதலின், மனிதன் சாவை எங்ஙனம் எதிர்கொள்ள வேண்டும் என்னும் வினாவே இவற்றை ஒப்பிடப் பொதுக்களமாகிறது. சி. எஸ். லூயிசின் ‘நார்னியா’ தொடரும் (1950-1956) இவ்வினாவைத் தொடுகிறது. ஆயினும் அதன் விடை கிறித்தவ மறுமை நம்பிக்கையாக முன்பே அமைந்துவிடுவதால், கதைக்குள் அது விவாதமாக வளரவில்லை. எனவே அத்தொடர் இங்குச் சேர்க்கப்படவில்லை.

ஒப்பீட்டின் அளவுகோல்

ஒரு தொடரின் சிறப்பை விற்பனை எண்ணிக்கையால் அளப்பதாயின் இக்கட்டுரைக்கே தேவையில்லை. ஹாரி பாட்டர் நூல்கள் 50 கோடிப் படிகளுக்கும் மேல் விற்றுள்ளன; மற்றை இரண்டில் எதுவும் அதை எட்டவில்லை. இக்கட்டுரை மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்கிறது. சாவைப் பற்றிய கருத்து கதைமாந்தரின் பட்டறிவிலிருந்து எழுகிறதா என்பது முதல் வினா. யாருடைய சாவு பொருட்படுத்தப்படுகிறது என்பது இரண்டாவது. தான் படைத்த உலகின் அடிப்படையையே ஆசிரியர் கேள்விக்கு உட்படுத்துகிறாரா என்பது மூன்றாவது.

தமிழ் படித்தவர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. நிலையாமையைக் காஞ்சித் திணையின் பொருளாகத் தொல்காப்பியம் வைத்தது. சாவை நீக்கும் நெல்லிக்கனியைப் பெற்ற அதியமான், அதன் பயனை உள்ளத்தில் மறைத்து ஔவையாருக்கு ஈந்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு போற்றுகிறது. நெடுவாழ்வைத் தனக்கென வைத்துக்கொள்ளாமையே அங்குப் பெருமையாகிறது. இம்மரபில் பழகிய வாசகர், சாகாமையை நாடும் பகைவன் தோற்கிறான் என்ற அளவில் நிறைவடைய மாட்டார். ஏன் தோற்க வேண்டும் என்பதற்கும் கதை விடை கூற வேண்டும் என எதிர்பார்ப்பார்.

டோல்கீன்: நீளும் வாழ்வும் தேயும் உயிரும்

டோல்கீன் 1916இல் சோம் போர்க்களத்தில் பணிபுரிந்தவர். முதல் உலகப்போரில் நெருங்கிய நண்பர்களை இழந்தவர். தம் நூலின் மையப்பொருள் ஆட்சியதிகாரம் அன்று, சாவும் சாகாமையுமே என்று அவர் கடிதங்களில் தெளிவுபடுத்தியுள்ளார். நூலினுள் இக்கருத்து மோதிரத்தின் இயல்பிலேயே பொதிந்துள்ளது. மோதிரம் உடையவனின் வாழ்நாள் நீள்கிறது. ஆனால் வாழ்வு வளர்வதில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகள் அதை வைத்திருந்த பில்போ, உள்ளது கொண்டு மிகையான பரப்பில் பரப்பப்பட்டவன்போலத் தான் மெலிந்துவிட்டதாக உணர்கிறான். ஏறத்தாழ 500 ஆண்டுகள் வைத்திருந்த கொல்லத்திடம் எஞ்சியிருப்பது பசியும் அச்சமும் மட்டுமே. ஒன்பது மோதிரங்களைப் பெற்ற மன்னர் உருவமற்ற நிழல்களாகின்றனர். சாகாமை என்பது தேய்வின் மறுபெயர் என்பதை அறிவுரையாகக் கூறாமல், மெய்ப்பாடாகவே காட்டியது டோல்கீனின் முதல் வெற்றி.

இரண்டாவது வெற்றி அரகோர்ன்–ஆர்வென் கதை. சாவற்ற குலத்தில் பிறந்த ஆர்வென், மானிடனை மணந்து சாவைத் தன் பங்காக ஏற்கிறாள். 210 ஆண்டுகள் வாழ்ந்தபின் அரகோர்ன் தன் விருப்பாலேயே உயிர் துறக்கிறான். சாவு மனிதர்க்கு இறைவன் தந்த கொடை என்பது டோல்கீன் உலகின் கொள்கை. ஆனால் கணவனின் படுக்கையருகே நிற்கும் ஆர்வெனுக்கு அக்கொடை கசக்கிறது. சாவை அஞ்சிக் கெட்ட பழைய மாந்தரை இகழ்ந்துவந்தவள் அப்போதுதான் அவர்கள்மீது இரக்கம் கொள்கிறாள். தம் கொள்கைக்கு எதிரான துயரத்தையும் தம் நூலிலேயே பேசவிட்ட ஆசிரியரின் நேர்மை இவ்விடத்தில் வெளிப்படுகிறது.

எனினும் இரு குறைகளைச் சுட்ட வேண்டியுள்ளது. முதலாவது, இத்துணைச் சிறந்த பகுதி கதையின் உடலில் இல்லை, பின்னிணைப்பில் உள்ளது. இரண்டாவது, யாருடைய சாவு என்னும் வினா. ஹெல்ம் கோட்டைப் போரில் கிம்லியும் லெகோலாசும் தாம் கொன்ற ஆர்க்குகளை எண்ணிப் போட்டியிடுகின்றனர். 42க்கு 41 எனக் கிம்லி வெல்கிறான். அந்த எண்ணிக்கையில் அடங்கிய உயிர்களைப் பற்றிக் கதை கவலைப்படுவதில்லை. பகைப்படையைச் சேர்ந்த தென்னாட்டு வீரன் ஒருவன் இறந்து கிடப்பதைக் கண்டு, அவன் பெயர் என்ன, உண்மையில் தீயவன்தானா என்று சாம் எண்ணும் ஓரிடம் உண்டு. அது நூலின் மனச்சான்று எனலாம். ஆனால் ஒரு கணம் பேசிவிட்டு அது அடங்கிவிடுகிறது.

ரௌலிங்: அச்சத்தை வெல்லும் சிறுவன்

ரௌலிங் முதல் நூலை எழுதத் தொடங்கிய 1990ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய தாயார் காலமானார். அவ்விழப்பின் தடம் தொடர் முழுவதிலும் தெரிகிறது. முதல் நூலிலேயே ஹாரி ஒரு கண்ணாடியின்முன் இரவுதோறும் அமர்ந்து, இறந்த பெற்றோரின் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெற்றோரை இழந்த குழந்தையின் ஏக்கத்தை இத்துணை எளிய உருவகத்தில் அடக்கியது பாராட்டத்தக்கது. அதே நூலில் 665 வயதான நிக்கோலாஸ் ஃபிளமேல், சாகாமை தரும் கல்லை அழிக்க இசைகிறார். பகைவன் வோல்டமார்ட்டோ கொலைகள் செய்து தன் ஆன்மாவைத் துண்டுகளாக்கிப் பொருள்களில் ஒளித்துவைக்கிறான். சாவை அஞ்சுபவன் தன்னையே சிதைத்துக்கொள்கிறான் என்னும் இக்கற்பனை, டோல்கீனின் தேய்வுக் கருத்துக்கு இணையானது. கதைப்பின்னல் என்ற வகையில் அதனினும் செறிவானது.

ஏழாம் நூலில் (2007) வரும் மூன்று உடன்பிறந்தார் கதை இத்தொடரின் திறவுகோல். இரண்டாமவன், தான் காதலித்து இழந்த பெண்ணை ஒரு கல்லின் ஆற்றலால் மீட்கிறான். வந்தவள் இவ்வுலகுக்கு உரியவளாக இல்லை, துயருற்று நிற்கிறாள். மூன்றாமவன் மட்டும் காலம் வந்தபோது சாவைப் பழைய நண்பனைப்போல் எதிர்கொள்கிறான். ஹாரியும் அதே கல்லால் தன் பெற்றோரின் சாயலை அழைத்து, அவர்கள் துணையுடன் காட்டுக்குள் சாவை நோக்கி நடக்கிறான். கல்லை அங்கேயே நழுவவிடுகிறான். மூன்று தொடர்களிலும் நெஞ்சை நேரடியாகத் தொடும் பகுதி இதுவாகலாம்.

ஆனால் காட்டில் விழுந்த ஹாரி மீண்டு வருகிறான். சாவை ஏற்றவன் சாவிலிருந்து விடுவிக்கப்படுவதால், ஏற்பின் விலை குறைந்துவிடுகிறது. அதனினும் கருதத்தக்கது, வெற்றிக்குப் பின் உலகம் அப்படியே இருப்பது. நான்காம் நூலில் இல்லப்பணி செய்யும் எல்ஃபுகளின் அடிமைநிலையை எதிர்த்து ஹெர்மாயினி இயக்கம் தொடங்குகிறாள். ஏழாம் நூலின் இறுதிப் போர் முடிந்ததும், கிரீச்சர் என்னும் எல்ஃப் தனக்குச் சாண்ட்விச் கொண்டுவருவானா என்று ஹாரி நினைக்கிறான். 19 ஆண்டுகளுக்குப் பின் நிகழும் முடிவுரையில் அடுத்த தலைமுறை அதே பள்ளிக்கு, அதே இல்லப் பிரிவுகளுக்குச் செல்கிறது. தீமை ஒருவனுடைய அச்சத்தில் மட்டும் இருந்தது, அவன் போனதும் எல்லாம் சீராகிவிட்டது என்பதே எஞ்சும் கருத்து.

லெ குவின்: முதல் மூன்று நூல்கள்

எர்த்சீ என்பது தீவுகளால் ஆன உலகம். அங்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப்பெயர் உண்டு. அதை அறிந்தவன் அதன்மீது ஆற்றல் பெறுவான். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் கருநிறத்தவன். வெண்ணிற மக்களான கார்க்குகளே அவ்வுலகின் அயலார். 1968இல் இது துணிவான தேர்வு. 2004இல் வந்த தொலைக்காட்சி ஆக்கம் நாயகனை வெள்ளை நிறத்தவனாக மாற்றியபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்தார்.

முதல் நூலில் இளைஞனான கெட், செருக்கால் இறந்தவளின் ஆவியை அழைக்க முயன்று, தன்னைத் துரத்தும் நிழல் ஒன்றை வெளிவிடுகிறான். இறுதியில் அந்நிழலைத் தன் பெயராலேயே அழைத்துத் தழுவுகிறான். அது அவனுடைய சாவே. மூன்றாம் நூலான ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ (1972) சாவின் நிலத்தையே காட்டுகிறது. தாழ்ந்த கற்சுவர் ஒன்றுக்கு அப்பால் வறுநிலம் விரிகிறது. அங்கு விண்மீன்கள் அசைவதில்லை. காதலர் ஒருவரையொருவர் பாராமல் கடந்துபோகின்றனர். தாய்க்கும் சேய்க்கும் உறவு நினைவில்லை. காப் என்னும் மந்திரவாதி சாகாமையை நாடி, சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே ஒரு வாயிலைத் திறந்துவிட, உலகின் உயிர்ப்பு அதன்வழி வடிந்துபோகிறது. கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு அவ்வாயிலை மூடுகிறான். ரௌலிங்கின் நாயகனைப்போல் அவனும் மீள்கிறான்; ஆனால் மந்திரம் இழந்த வெறும் மனிதனாக மீள்கிறான். ஏற்பின் விலை இங்கே குறைக்கப்படவில்லை.

ஆயினும் 1972ஆம் ஆண்டு நூலில் ஒரு முரண் உள்ளது. இறந்தோர் மண்ணிலும் வெயிலிலும் கலந்து உயிர்ப்பின் பகுதியாகின்றனர், வறுநிலத்தில் இருப்பவை அவர்களின் வெற்றுப் பெயர்களே எனக் கெட் காப்பிடம் கூறுகிறான். அங்ஙனமாயின் அவ்வெற்றுப் பெயர்கள் ஏன் அங்கு இருளில் அலைய வேண்டும்? சாவு இயற்கையின் சமநிலை என்றால், அந்நிலம் ஏன் இத்துணைக் கொடியதாக உள்ளது? நூல் இவ்வினாவை எழுப்பாமலே முடிந்தது.

தன் உலகைத் தானே திருத்திய ஆசிரியர்

18 ஆண்டுகள் கழித்து ‘டெஹானு’ (1990) வெளிவந்தது. இதில் தலைமை மந்திரவாதிகள் இல்லை. கணவனை இழந்த டெனார், வன்கொடுமைக்கு ஆளாகித் தீயில் கருகிய ஒரு சிறுமி, ஆற்றல் இழந்து நாணி நிற்கும் கெட் ஆகியோரே மாந்தர். ஆடு மேய்த்தலும் பாத்திரம் கழுவுதலும் கதை நிகழ்ச்சிகளாகின்றன. ஆண்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் மந்திரப் பள்ளியின் அறிவு யாருக்கு உதவியது என்னும் வினா இங்கு எழுகிறது. வீரகதை மரபு ஆணை மையமாகக் கொண்டிருந்ததையும் தாம் அதற்குள் நின்று எழுதியதையும் லெ குவின் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் விளக்கினார். அது 1993இல் ‘எர்த்சீ ரிவிஷன்ட்’ என்னும் நூலாக வந்தது.

இறுதி நூலான ‘தி அதர் விண்ட்’ (2001) சாவின் வினாவுக்குத் திரும்புகிறது. ஆல்டர் உடைந்த பாத்திரங்களைப் பொருத்தித் தரும் சிறு மந்திரக்காரன். இறந்துபோன மனைவி லில்லி கனவில் கற்சுவரின் மறுபுறம் நின்று கைநீட்டுகிறாள். இரவுதோறும் பிற இறந்தோரும் சுவரருகே திரண்டு தங்களை விடுவிக்குமாறு கேட்கின்றனர். உறக்கத்திற்கு அஞ்சிய அவனுக்கு, முதியவனாகிவிட்ட கெட் தரும் மருந்து ஒரு பூனைக்குட்டி. உயிருள்ள ஒன்றின் தொடுகை பக்கத்தில் இருந்தால் கனவு வராது என்பதே அதன் பொருள். உலகைக் காத்த பெருமந்திரவாதி துயருற்றவனுக்குப் பூனைக்குட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பும் இவ்விடம், தொடர் எத்துணைத் தொலைவு வந்துள்ளது என்பதைக் காட்டப் போதுமானது.

பின்னர் உண்மை வெளிப்படுகிறது. வறுநிலம் இயற்கையானது அன்று. பண்டை மந்திரவாதிகள் சாகாமையை விரும்பி, உண்மைப்பெயர்களின் ஆற்றலால் பறவைநாகங்களுக்குரிய மேற்கு நிலத்தில் ஒரு பகுதியைக் கவர்ந்து சுவரெழுப்பினர். சுவர் எழுந்ததும் காற்று நின்றது, ஊற்றுகள் வறண்டன, நிலம் இருண்டது. சாவுக்குப்பின் பெயரைக் காத்துவைக்க எண்ணிய அறிவே இறந்தோரைச் சிறையிட்டது. மந்திரக்கல்வி இல்லாத, நாகரிகமற்றவர் என ஒதுக்கப்பட்ட கார்க்குகள் மட்டும் அச்சிறைக்குச் செல்வதில்லை. இறந்தபின் மீண்டும் பிறப்போம் என நம்பும் அவர்கள் உயிர்களின் சுழற்சியில் கலந்துவிடுகின்றனர். முடிவில் உயிருள்ளோரும் இறந்தோரும் சேர்ந்து கற்சுவரைப் பெயர்க்கின்றனர். ஆல்டர் லில்லியுடன் போய்விடுகிறான்.

இதன் முதன்மை நோக்கத்தக்கது. முதல் மூன்று நூல்களில் காப் ஒருவனே குற்றவாளி. 2001இல் அக்குற்றம் கெட் கற்ற கல்வியின் அடித்தளத்திலேயே இருந்ததாகத் தெரிகிறது. 1972ஆம் ஆண்டு நூலின் முரண், 29 ஆண்டுகளுக்குப் பின் கதையின் பொருளாகவே மாறுகிறது.

இறந்தோரின் உரிமை

மூன்று தொடர்களிலும் இறந்தோர் வருகின்றனர். அவர்கள் நடத்தப்படும் முறை வேறுபாட்டைத் தெளிவாக்கும். டோல்கீனில் ஆணை தவறிய இறந்தோர் அரகோர்னுக்குப் போர்த்துணை புரிந்து, அதற்கு ஈடாக அமைதி பெறுகின்றனர். அங்கு விடுதலை பணிக்குக் கூலி. ரௌலிங்கில் இறந்தோர் ஹாரிக்குத் துணிவூட்ட வருகின்றனர். அவர்கள் வாழ்வோரின் ஆறுதலுக்கு உரியவர்கள். லெ குவினில் இறந்தோர் எப்பணியும் செய்யவில்லை, யாரையும் தேற்றவில்லை; விடுதலையைத் தம் உரிமையாகக் கேட்கின்றனர். உயிரோடிருப்பவனின் துயரத்திற்கும் இறந்தவளின் விடுதலைக்கும் இடையே உள்ள சிக்கல் இங்கு மட்டுமே கதையாகிறது. அன்புக்குரியவரை இழந்த எவரும் அறிந்த சிக்கல் இது. அவரைப் பிடித்துவைத்திருக்க விழைவது அன்பா, அவரைச் சிறையிடுவதா என்னும் வினாவை உலகியலிலிருந்து தப்பி ஓடும் கதை எழுப்ப இயலாது.

தடைகளும் விடைகளும்

எர்த்சீயைச் சிறந்ததெனக் கொள்வதற்குத் தடைகள் கூறலாம். முதலாவது, மொழியாழம். தாம் உருவாக்கிய மொழிகளின் மீதே தம் உலகை எழுப்பிய டோல்கீனின் செழுமை எர்த்சீயில் இல்லை. இது உண்மை, இதை மறுப்பதற்கில்லை. இரண்டாவது, கதை விறுவிறுப்பு. ‘தி அதர் விண்ட்’ நூலின் பெரும்பகுதி கலந்துரையாடலாகவே நகர்கிறது. உண்மைகள் நிகழ்ச்சிகளாகக் காட்டப்படுவதினும் பேச்சால் விளக்கப்படுவதே மிகுதி. இவ்வகையில் ரௌலிங்கின் கதைப்பின்னல் மேம்பட்டது. ‘டெஹானு’ நூலின் முடிவில் பறவைநாகம் வந்து இடரைத் தீர்ப்பதும் முன்னைய பகுதிகளின் உலகியல் திண்மைக்கு ஒவ்வாதது.

மூன்றாவது தடையே வலிமையானது. பின்னை நூல்கள் முன்னவற்றை மறுக்கின்றன. முதல் மூன்றின் அழகு குலைந்தது என்பர் சிலர். ஆனால் பின்னை நூல்கள் எதையும் அழிக்கவில்லை. கற்சுவரும் அசையாத விண்மீனும் முன்பு கூறப்பட்டவாறே உள்ளன. அவற்றின் காரணமே புதிதாக வெளிப்படுகிறது. முன்னைய நூலைக் கற்றவர் மறுமுறை கற்கும்போது காப்பின் குற்றத்தோடு அவனை உருவாக்கிய கல்வியின் குற்றத்தையும் காண்பார். இது முரண் அன்று, வளர்ச்சி.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். சாவற்ற வாழ்வு தேய்வே என்பதைப் பொருளுருவாக்கிக் காட்டியதில் டோல்கீன் முதன்மை பெறுகிறார். இழப்பைத் தாங்கக் கற்கும் இளம் உள்ளத்தை வரைந்ததில் ரௌலிங் சிறக்கிறார். ஆயினும் ஒருவர் தம் உலகில் சரியானது என நிறுவியவற்றை அவ்விருவரும் இறுதிவரை காக்கின்றனர். லெ குவின் ஒருவரே, தாம் கட்டிய சுவரைத் தாமே பெயர்த்தார். இக்காரணத்தால் மூன்றினுள் எர்த்சீ தொடரே சிறந்தது என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

ஒப்பிலக்கிய வகுப்பில் மிகுபுனைவு பயிலும் மாணவர்க்கு முதலில் எதைப் பரிந்துரைப்பது என்னும் நடைமுறை வினாவுக்கும் இதில் விடை உண்டு. எர்த்சீயின் முதல் நூலோடு நிறுத்துவது போதாது. ஆறு நூல்களையும் வெளிவந்த வரிசையில் கற்பிக்க வேண்டும். 1968க்கும் 2001க்கும் இடைப்பட்ட 33 ஆண்டுகளில் ஒரு படைப்பாளி தம் கருத்தோடு தாமே வாதிட்ட வரலாறு அவ்வரிசையில்தான் விளங்கும். லெ குவின் 2018 ஜனவரி 22 அன்று காலமானார். நிலையாமையைப் பாடுபொருளாகப் போற்றிய மொழியில் அவருடைய தொடர் குறித்த விரிவான ஆய்வுகள் எழுவது பொருத்தமாகும்.